முடியாது என்று அச்சடித்த நோட்டீஸ்

மஞ்சள் காகிதம். ஓரமெல்லாம் பழுப்பேறி, மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. அம்மாவின் சாக்கு மூட்டையில் இருந்த கண்ணாடி டம்ளர் ஒன்றைச் சுற்றி அதை வைத்திருந்தார்கள். பிரித்தேன். மேலே பூட்டுச் சின்னம். அதற்குக் கீழே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் முகம், சிரிப்பே இல்லாமல். அதற்கும் கீழே நடுவில் கோடு கிழித்து இரண்டு பத்தி. இடது பக்கம் ‘என்னால் முடியும்’. வலது பக்கம் ‘என்னால் முடியாது’. வலது பத்திதான் நீளம். மேயர் பதவிக்கு நின்ற வேட்பாளர் அடித்த நோட்டீஸ் இது. எந்த மடையன் இப்படி நோட்டீஸ் அடிப்பான் என்று அன்றைக்கே திட்டினேன். அதைத் தெருத் தெருவாக வீசியவனும் நான்தான். பின்பக்கத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அப்போது மேயரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது போல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லை. சுயேச்சையாக நின்ற அந்த அம்மாவை எல்லோரும் கிளார்க்கம்மா என்றுதான் சொல்வார்கள். மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவில் கிளார்க்காக இருந்து, ஓய்வு வயது வருவதற்கு முன்பே வேலையை விட்டவர். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன். தனி ஆள். என் ஆட்டோவைப் பதினைந்து நாளைக்கு வாடகை பேசி, மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டினார். ஓட்டுவதும் நான், மைக்கில் கத்துவதும் நான். பின் சீட்டில் அவரும் நோட்டீஸ் கட்டுகளும். கட்சி கிடையாது, தொண்டர் கிடையாது, மாலை போட ஓர் ஆள் கிடையாது.

அவர் ஓட்டுக் கேட்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் மாட வீதிகளில் வண்டியை மெதுவாக விடச் சொல்லி மைக்கை வாங்கினார். தெருவில் கார் நிறுத்துகிறவர்கள் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும், இரண்டையும் கட்டாயமாக்குவேன் என்றார். வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் வண்டியை மறித்து, “ஏம்மா, நீங்க ஓட்டு கேக்க வந்திருக்கேளா, எங்களக் கண்டிக்க வந்திருக்கேளா?” என்று கேட்டார். “நீங்க பிரிக்காம போடற குப்பை பெருங்குடியில மலையா நிக்குது சார். அங்க இருக்கறவங்க மூக்கு வேற மூக்கா?” என்றார் இவர். அந்தத் தெருவில் அதோடு ஓட்டு முடிந்தது. தி.நகரில் நடைபாதைக் கடைக்காரர்களிடம், மாற்று இடம் காட்டாமல் ஒருவரையும் எழுப்ப விட மாட்டேன் என்றார். அவர்கள் கை தட்டி முடிப்பதற்குள், ஆனால் நடக்கிறவர்களுக்கு நாலடி விட்டுத்தான் கடை போட வேண்டும், நானே வந்து அளப்பேன் என்றார். கை தட்டியவன், “யக்கா, ஒரு பக்கமா பேசு” என்று கத்தினான். அடையாறில், தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு வந்த பெண்களிடம் தண்ணீர் வேறு வாரியம், அது மேயர் கையில் இல்லை என்று வலது பத்தியைக் காட்டினார். பஸ்ஸும் அவர் கையில் இல்லை. ஆறும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஏன் இல்லை என்ற காரணத்தையும் அச்சடித்திருந்தார். அதனால்தான் அந்தப் பத்தி அவ்வளவு நீளம். இடது பத்தியில் குப்பை, தெருவிளக்கு, கொசு, மழைநீர் வடிகால், கழிப்பறை, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், சுடுகாடு. கடைசி வரியில், காகிதம் இல்லாதவர்களுக்குக் காகிதம்.

வலது பத்தியின் முதல் வரி, ஆற்றங்கரை வீடுகளை எடுப்பதைத் தடுப்பது. என் வீடு அடையாற்றுக் கரையில் இருந்தது. நான் பிறந்த வீடு. அம்மா, புருஷன் விரட்டி விட்டதால் திரும்பி வந்த என் அக்கா, நான், மூன்று பேரும் அதில்தான். வீடுகளை எடுத்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே தள்ளப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தூக்கம் இல்லாத நாட்கள் அவை. ஓட்டுக் கேட்டு வந்த ஒவ்வொரு சின்னத்தின் ஆட்களும் ஒரு குடிசையைக்கூடத் தொட விட மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் வண்டியைத் திருப்புவதற்கு முன் நிறுத்திவிட்டுக் கெஞ்சினேன். இங்கே மட்டும் ஒரு பொய் சொல்லுங்கள் என்றேன். “அந்த நிலம் கார்ப்பரேஷனோடது இல்ல தம்பி. அந்த ஃபைல் மேயர் டேபிளுக்கே வராது. வராத ஃபைல்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?” என்றார். அவருக்கு எல்லாமே ஃபைல்.

நானே சொல்லிவிட்டேன். மைக் என் கையில்தானே இருந்தது. “நம்ம கிளார்க்கம்மா மேயரா வந்தா, ஆத்தாங்கரையில ஒரு வூட்ட எவனும் தொட முடியாது!” பெண்கள் வெளியே வந்தார்கள். என் அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்று சிரித்தாள். அடுத்த நிமிடம் பின்னாலிருந்து ஒரு கை மைக்கைப் பிடுங்கியது. “தம்பி ஆசையில சொல்லிட்டாரு. அது உண்மையில்ல. வீடுங்கள எடுக்கத்தான் போறாங்க. மேயரால அதைத் தடுக்க முடியாது, என்னாலயும் முடியாது. ஆனா ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு எல்லாத்துலயும் இந்த விலாசம் இருந்தாத்தான் மாத்து வீடு கேக்க முடியும். இல்லாதவங்க எங்கிட்ட வாங்க. அது என்னால முடியும்.”

குழாயடியில் நின்ற ஒருத்தி, “தே, ஓட்டு கேக்க வந்தியா, சாவு சொல்ல வந்தியா?” என்றாள். “எங்க வூட்டுக்குக் கதவே இல்ல, பூட்டு இன்னாத்துக்கு? எட்துக்கினு போ!” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்து ஸ்பீக்கரைக் கழற்றி நடைபாதையில் வைத்தேன். நோட்டீஸ் கட்டுகளை அதன் மேல் எறிந்தேன். “எறங்கு” என்றேன். இறங்கினார். வண்டியைத் திருப்பியபோது பார்த்தேன். வெயிலில் அந்தக் கட்டுகளைத் தூக்க முடியாமல் ஒவ்வொன்றாக பஸ் ஸ்டாப் நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போகவில்லை.

தேர்தலில் அவருக்கு டெபாசிட் போனது. யார் ஜெயித்தார் என்பது இங்கே முக்கியமில்லை. தோற்ற பிறகும் அந்த அம்மா வந்தார் என்பதுதான் என்னால் இன்றுவரை செரிக்க முடியாத விஷயம். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருந்தார். முதல் வாரம் நாய்கூடப் போகவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். கார்டில் புகுந்த வீட்டு விலாசம் இருந்த என் அக்காவும் போக ஆசைப்பட்டாள். “அந்தப் பொம்பள மூஞ்சில முழிச்சே, அப்பறம் நீ எனக்கு அக்காவே இல்ல” என்றேன். அக்கா என்னை எதிர்த்துப் பேசியதே கிடையாது. சரி என்றாள்.

சில வருடம் கழித்து வெள்ளம் வந்தது. அது வடிந்ததும் கணக்கெடுக்க வந்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து காகிதம் வாங்கியவர்களுக்கெல்லாம் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது. அம்மா பழைய ஆள், அவளுக்கு விலாசம் இருந்தது. எங்களுக்கு ஆறாவது மாடி. அக்காவின் கார்டைப் பார்த்த ஆள் இது வியாசர்பாடி விலாசமாச்சே என்று திருப்பிக் கொடுத்தான். தனி வீடு கிடைக்காவிட்டால் என்ன, எங்களோடு இரு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரே அறை. நான் சொல்லவில்லை. விரட்டிய புருஷன் வீட்டுக்கே அக்கா திரும்பிப் போனாள். இன்றைக்கும் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு கிளார்க்கம்மாவை ஒரே ஒரு முறை பார்த்தேன். தி.நகர் மார்க்கெட் பக்கம் காய்கறிப் பையோடு என் வண்டியில் ஏறினார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பெரும்பாக்கத்துல எந்த பிளாக் தம்பி?” என்றார். “நீ சொன்ன மாதிரியே ஆயிடிச்சி. சந்தோஷமா?” என்றேன். மேற்கு மாம்பலம் வந்தது. இறங்கும்போது, “உங்க அக்கா ஒரு நாள் வந்து பேர் சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போடறேன்னாங்க. ஃபார்மை எடுத்து வச்சிருந்தேன். வரவேயில்லை” என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவன்? வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். போன வருடம் ஸ்டாண்டில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவர் செத்துப்போனது தெரியும். அப்போது பதினாறாம் நாளும் முடிந்திருந்தது.

இனி மூட்டை. பெரும்பாக்கத்துக்கு லாரியில் வந்த நாளில் கட்டியது. வீட்டு மூலையில் கட்டியபடியே கிடந்தது. வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள், அம்மா பிரிக்க விட மாட்டாள். “மறுபடி கட்ணுமே” என்பாள். “எப்போடா நம்ம எடத்துக்குப் போறோம்?” என்று வாரம் ஒரு முறையாவது கேட்பாள். பொங்கல் போகட்டும் என்பேன். மழை முடியட்டும் என்பேன். எத்தனை பொங்கல், எத்தனை மழை. போன மாதம் அம்மாவுக்குக் கால் வீங்கி, மாடி இறங்கவே முடியாமல் போனது. அன்றைக்கும் கேட்டாள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. “என்னால முடியாதும்மா. அங்க இப்ப கம்பி வேலிதான் கீது. நாம திரும்பிப் போகவே முடியாது” என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். மூட்டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். “இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?” என்றாள். “எத்தினி வருசமா டம்ளரு இல்லாம சொம்புல டீ குடிச்சிக்கினு கீறேன். மூட்டய அவுரு.”

அவிழ்த்தேன். டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தேன். கடைசி டம்ளரில்தான் அந்த நோட்டீஸ். கிளார்க்கம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பினேன். மீந்துபோன நோட்டீஸ்களின் பின்பக்கத்தில்தான் யார் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அவர் மரத்தடியில் எழுதிக் கொடுப்பாராம். எனக்குத் தெரியாது. நீல பேனாவில், ஆபீஸ் கையெழுத்தில், என் அக்காவின் பெயர் இருந்தது. பக்கத்தில் அப்பா பெயர். கீழே, பழைய கார்டு, இரண்டு போட்டோ, அம்மாவின் கார்டு நகல். அதற்கும் கீழே ஒரு கோடு போட்டு, ‘ஞாயிறு கண்டிப்பாக வரவும். இது முடியும்.’

“இன்னாடா காயிதம் அது?” என்றாள் அம்மா.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.