மூன்று பொட்டுக் காயம்

எங்கள் புங்குடுதீவில் ஒருவருக்கு ஒப்பரேசன் நடந்தால் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பாணும் முட்டையும் தகரப் பேணியில் பால்மாவும் வரும். கொண்டுவந்ததற்குக் காயத்தைக் காட்ட வேண்டும். அது எழுதாத சட்டம். பெண்கள் மட்டும் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, தையலைப் பார்த்து, "பாவம் பிள்ளை" என்று உச்சுக்கொட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள்.

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. கலியாணம் முடித்துச் சில வருஷமாகியும் பிள்ளை இல்லை. மாதாமாதம் இரத்தம் போய் வெளிறிப்போயிருந்தேன். முதலில் பார்த்த டொக்டர் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றார். சொத்தைப் பல்லைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார். அந்த மனிதர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த என் கணவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த வேறொரு டொக்டரைத் தேடிப் பிடித்தார். அவர் வயிற்றைக் கிழிக்காமல், சிறிய துளைகள் போட்டு, குழாய்க் கமராவால் உள்ளே பார்த்துக்கொண்டே கட்டியை மட்டும் துண்டு துண்டாக எடுத்தார். கண் விழித்ததும் கர்ப்பப்பை இருக்கிறதா என்றுதான் கேட்டேன். இருக்கிறது என்றார்கள். அழுதுவிட்டேன்.

ஊருக்கு வந்த அன்றே மாமி, என் கணவரின் தாய், காயத்தைப் பார்த்தார். தொப்புளில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மூன்று பொட்டு. மாமியின் முகம் வாடிவிட்டது.

"இதென்ன பிள்ளை, நுளம்பு கடிச்ச மாதிரி? இதையே வாற சனத்துக்குக் காட்டுறது?"

"கட்டியை எடுத்துப்போட்டினம் மாமி."

"எடுத்தவங்களோ, இல்லாட்டி என்ரை மகனை ஏமாத்திப்போட்டாங்களோ?"

மாமிக்கு இது மானப் பிரச்சினை. பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுகிற மாதிரி என் வயிற்றைச் சுற்றி ஒரு பழைய வேட்டியை இறுக்கிக் கட்டினார். காயத்தில் காற்றுப் படக் கூடாது, அதனால் காட்ட முடியாது என்று வந்தவர்களிடம் சொன்னார். வெட்டு எவ்வளவு என்று கேட்டால் தன் வயிற்றில் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். ஆள் வர வர அந்தக் கோடு நீண்டது. நான் முற்றத்தில் நிமிர்ந்து நடந்தால் கண்ணைக் காட்டுவார். உடனே குனிந்து முனக வேண்டும். வேட்டி இறுக்கிய இறுக்கில் முனகல் தானாகவே வந்தது. அலுமாரி பால்மாப் பேணியால் நிறைந்தது.

ஒரு பின்னேரம் மாமியின் தங்கை வந்து குசினியில் அடுப்பருகே இருந்து கதைத்தார். அறைக்குள் படுத்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"உந்தளவு வெட்டெண்டால் கர்ப்பப்பையை எடுத்திருப்பினம் அக்கா. ஊர் முழுக்க அதுதான் கதை. உங்களுக்கு இருக்கிறது ஒரே பொடியன். சுருவில் ஊரிலை ஒரு நல்ல பெட்டை இருக்கு. கேட்டுப் பாப்பமே?"

பேரப்பிள்ளை வேண்டி மாமி நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்திகள் எனக்குத் தெரியும்.

மாமி எழுந்து வந்தார். தங்கையையும் என்னைப் பார்க்க வந்து வெளியில் நின்ற அயல் பெண்களையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேட்டியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார்.

"வடிவாப் பாருங்கோ. இந்த ஓட்டையளுக்குள்ளாலை ஆரும் கர்ப்பப்பையை எடுப்பினமே? அது இருக்கு. இல்லாட்டியும் இவள் இந்த வீட்டிலைதான் இருப்பாள்."

"அப்ப நீங்கள் காட்டின வெட்டு?" என்றார் தங்கை.

"அது நான் வெட்டினது."

மறு வருஷம் மகள் பிறந்தாள். முன்பு கட்டி எடுத்த கர்ப்பப்பை பிள்ளைப்பேற்று நோவைத் தாங்காது என்று, வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த மாமி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு என் போர்வையை மெல்ல விலக்கிப் பார்த்தார். அவர் கீறிக் காட்டிய அதே கோடு, மேலிருந்து கீழ் வரை. ஊர்ச் சனம் இதைப் பார்த்தால் வாயடைத்துப் போகும் என்று நான் சொன்னேன்.

மாமி போர்வையை இழுத்து மூடினார். கண் கலங்கியிருந்தது.

"இதை ஒருத்தருக்கும் காட்டக் கூடாது பிள்ளை," என்றார்.