வலது பக்கம் குத்துகிறது

என் வீட்டுக்காரர் மோகனராஜ் எதையும் லேசில் நம்பமாட்டார். ஒரு மீட்டர் காட்டும் எண்ணை இன்னொரு மீட்டரில் சரிபார்ப்பார். தன் காதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

பினாங்குத் தீவில், பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர். ஆட்குறைப்பில் வேலை போனதும் எங்கள் ஃபிளாட்டின் பின்னறையில் மேசை போட்டு, ஸ்டூடியோ ஸ்பீக்கர் பழுதுபார்க்க உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபயரும் பெட்டிக்குள்ளேயே இருக்கும் வகை அது. சூடு தாங்காமல் கெப்பாசிட்டர் உப்பிவிடும், உறுமல் கிளம்பும். பினாங்கில் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் பாதிப் பேர் இவரிடம்தான் வந்தார்கள். அந்தப் பெருமை இவருக்குக் கொஞ்சம் அதிகம். எனக்கும்தான்.

போன வருடம் பஷீர் ஒரு ஜோடி கொண்டுவந்தார். ஜார்ஜ் டவுனில் சின்ன ஸ்டூடியோ வைத்து விளம்பரக் குரல் பதிகிறவர். இடது ஸ்பீக்கரில் உறுமல். கெப்பாசிட்டரை மாற்றியதும் போய்விட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இவருக்கு ஒரு பழக்கம். திருப்பிக் கொடுக்குமுன் ஜோடியை எதிரே வைத்து, மழை இரைவது போன்ற சோதனை ஒலியை ஓடவிட்டு, இரண்டும் ஒன்றாகக் கேட்கும்வரை பின்னாலிருக்கும் திருகைத் திருப்புவார். கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு அது. யாரும் கேட்காமலே செய்கிற வேலை.

ஒரு வாரத்தில் பஷீர் திரும்பி வந்து, வலது பக்கம் காதைக் குத்துகிறது என்றார். இவர் கேட்டுவிட்டு, வலது மந்தமாக அல்லவா இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கூட்டி அனுப்பினார். மூன்றாம் முறை வந்தபோது பேச்சு முற்றியது.

"தம்பி, மொதல்ல போயி ஒங்க காதக் காட்டுங்க லா. ஸ்பீக்கர்ல ஒன்னும் இல்ல."

பஷீர் பெட்டிகளை மேசையிலேயே விட்டுப் போனார்.

அந்தக் கோபத்தில்தான் இவர் ஒழுங்காகச் சோதிக்க உட்கார்ந்தார். திருகுகளை நடுவில் வைத்தார். வலது மந்தம். ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். பழுது ஸ்பீக்கரில் என்றால் அந்த மந்தமும் கூடவே இடப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. கேபிளை மாற்றினார், ஒலி கொடுக்கும் கருவியை மாற்றினார். வலதுதான் மந்தம். நான் காப்பியோடு வாசலில் நின்றிருந்தேன். கடைசியில் நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அதுவரை தெளிவாகக் கேட்டது மந்தமானது. மந்தமாகக் கேட்டது தெளிந்தது. பழுது இவரோடு சேர்ந்து திரும்பியிருந்தது.

"துளசி, எந்தப் பக்கம் டல்லா இருக்கு?"

"ரெண்டும் ஒன்னாத்தான் இருக்கு," என்றேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தண்ணீர்ப் பந்தலில், ஆள் உயர ஸ்பீக்கர் அடுக்குக்கு வலது காதைக் கொடுத்தபடி பன்னிரண்டு வருடம் நின்றவர். கூடவே வாழ்ந்த நானும் கவனிக்கவில்லை. காரை இவர் ஓட்டுவார், நான் எப்போதும் இடப்பக்கம். வலது காது நரம்பு போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் இரண்டே வாக்கியத்தில் முடித்தார்.

அந்த வருடம் இவர் கையால் போன ஒவ்வொரு ஜோடியும் வலப்பக்கக் குத்தலோடுதான் போயிருக்கிறது. ஒருவர் விடாமல் ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பஷீரிடம், "காது என்னுதுதான் தம்பி கெட்டுப்போச்சி," என்றார். பரவாயில்லை அண்ணே என்று சொல்லி, அவர் வந்து பெட்டிகளை எடுத்துப் போனார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை.

மேசையில் எங்கள் பழைய ஜோடி ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் அந்தச் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஒரு தடவை நேராக உட்காருகிறார், ஒரு தடவை நாற்காலியைத் திருப்பி உட்காருகிறார். பிறகு எழுந்து, கேபிளை மாற்றிப் பார்க்கிறார்.