பிளேன் மிதிக்க விரித்த காணம்

தென்காசிப் பக்கத்தில் ஒரு காலத்தில் ஏரோப்ளேன் இறங்கியது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அந்தத் தரையில் நெருஞ்சி முள் பொறுக்கியது இந்தக் கைதான்.

ஊருக்குக் கிழக்கே, சுந்தரபாண்டியபுரம் போகிற திசையில், யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் உருளை ஓட்டிக் கெட்டித்துவிட்டுப் போன சரள் தரை அது. பிறகு பஞ்சாயத்தின் கைக்கு வந்தது. நாங்கள் பிளேன் பொட்டல் என்போம். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் வெளியூர்ப் பணக்காரர் யாராவது அருவியில் குளிப்பதற்கென்று சின்ன பிளேனில் வந்து இறங்குவார். பயிரில் புழு விழுந்தால் மருந்து அடிக்கிற பிளேன் வரும். ஒரு தடவை வெறிநாய் கடித்த பிள்ளைகளுக்கு ஊசி மருந்து அதில்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் பிளேனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களிலும் தரை சும்மா கிடக்காது. ஓரத்துப் புல்லை ஏலம் எடுத்தவர்கள் அறுப்பார்கள். ஆய்க்குடிக்காரர்கள் புதுக் காளைகளை வண்டியில் பூட்டிப் பழக்குவார்கள். லாரி ஓட்டப் பழகுகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு போய்வருவார்கள். பிளேன் வருகிற அன்றைக்கு மட்டும் ஒரு ஈ காக்கை இருக்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்கிற காவல் வேலை என் வீட்டுக்காரருக்கு.

அந்த வேலையோடு ஒரு ஓட்டு அறையும் கொடுத்திருந்தார்கள். பொட்டலின் ஓரத்தில், ஒரு வேப்பமரத்தை ஒட்டி இருந்தது. அதற்கு முன்னால் நாங்கள் அவருடைய அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருந்தோம். அங்கே தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நானோ கேட்கத் தெரியாதவள். தாகத்தோடு படுத்த நாட்கள் உண்டு. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த அறைக்குக் குடிவந்த அன்றைக்கு நானாக ஒரு சொம்பை எடுத்து, நானாகக் குடித்தேன். திரும்ப அந்த மூலைக்குப் போகமாட்டேன் என்று அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். மார்கழி முடியப் போகிற சமயம். பொட்டலில் புகுந்த எருமையை விரட்டி ஓடிய என் வீட்டுக்காரர் பெருச்சாளி வளையில் கால் வைத்து விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மாசி கழியும்வரை காலை ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டுப் போட்ட மறுநாளே பஞ்சாயத்து ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"பிசான நெல்லு பூரா புழு விழுந்து கெடக்கு. தை பொறந்ததும் மருந்தடிக்கிற பிளேன் வருது. ஆளில்லாம நான் என்ன செய்ய? வேற ஆளத்தான் போடணும். அவனுக்கு ரூமும் குடுக்கணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஓவர்சியர் சைக்கிளைத் திருப்பியபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"நான் பார்த்துக்கிடுதேன்."

"நீயா? மாட்ட வெரட்டச் சத்தம் போடணும்மா. ஒன் சத்தம் எனக்கே கேக்கல."

"கம்பு இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "சரி. இந்தப் பிளேன் ஒரு சங்கடமில்லாம எறங்கட்டும், அப்புறம் பார்ப்போம். ஒரு கல்லு, ஒரு மாடு தரையில கெடந்துதுன்னு கேள்விப்பட்டேன், மறுநாளே வேற ஆளு. சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து விடிந்ததும் பொட்டலுக்கு இறங்கினேன். வளைகளில் சரளைக் கொட்டி மிதித்தேன். முள்ளைப் பொறுக்கினேன். மூலைக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பிளேன்காரருக்குக் காட்டுவதற்கு ஒரு நீளத் துணிக்குழாய் உண்டு, அதைக் கம்பத்தில் ஏற்றப் பழகினேன். ஊருக்குள் அதை ஏரோப்ளேன் பாவாடை என்பார்கள். நான் கயிற்றை இழுக்கும்போது வரப்பில் போகிறவர்கள், "ஏளா, பாவாட காஞ்சிட்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இழுப்பேன். ஆனால் இழுப்பதை நிறுத்தவில்லை.

இராத்திரிகளில் அவர் படுத்தபடியே எனக்குச் சொல்லிக் கொடுப்பார். முக்கியமாக ஒன்று. பெட்டிக்குள் இரண்டு நீளச் சிவப்புத் துணி இருந்தது. தரையில் ஏதாவது கிடந்து, அதை எடுப்பதற்குள் பிளேன் வந்துவிட்டால், அந்த இரண்டையும் தரையின் நடுவில் பெருக்கல் குறி மாதிரி விரித்துவிட வேண்டும். அதைக் கண்டால் இறங்கமாட்டார்கள். "ஆனா அத விரிச்சா நம்ம வேல சரியில்லன்னு நாமளே சொன்ன மாதிரிட்டீ. நான் இதுவரைக்கும் விரிச்சதில்ல" என்றார்.

தை பிறந்து பொங்கலும் கழிந்தது. நாளைக் காலை பிளேன் வரும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் இருட்டோடு எழுந்து தரையைக் கடைசிவரை நடந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மேற்கு ஓரத்தில் இரண்டு கற்களில் சுண்ணாம்பு கரைந்திருந்ததால் சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். அடித்து முடித்து நிமிர்ந்து பார்த்தேன். நடுத்தரை முழுவதும் பழுப்பாகக் கிடந்தது.

ஓடினேன். பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், ஆணும் பெண்ணுமாக, காணச் செடியைக் கட்டுக்கட்டாக இறக்கி விரித்துக்கொண்டிருந்தார்கள். கொள்ளைத்தான் எங்கள் பக்கம் காணம் என்போம். அந்த வருடம் காணம் நல்ல விளைச்சல். பிடுங்கிக் காய்ந்த செடியை ரோட்டில் விரித்து, பஸ்ஸும் லாரியும் மிதித்து மணி உதிர்வதுதான் வழக்கம். கூட்டத்துக்குத் தலைவி, எனக்கு மதினி முறையாகிற ஒருத்தி. அவள் பேசினால் பாவூர்ச்சத்திரம் சந்தை வரைக்கும் கேட்கும்.

"என்ன மைனி இது?"

"காணம்ட்டீ. ஒனக்குக் கண்ணு தெரியலயா?"

"பிளேன் வரப்போவுது."

"அதுக்குத்தான விரிக்கோம்! ரோட்டுல போட்டா பஸ்ஸு எப்பம் வரும்னு காத்துக் கெடக்கணும். இது ஒரே ஓட்டத்துல இந்தக் கடைசிக்கு மிதிச்சிட்டுப் போயிரும்லா?"

ஒரு வயசாளி கையில் கவைக்கம்போடு சொன்னார்: "மூஞ்சியில காத்தாடி வேற வச்சிருக்கான். சக்கரம் மிதிக்கும், காத்தாடி தூத்தும். நாம சாக்கத் தூக்கிட்டுப் போனாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

"எடுத்துருங்க" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"என்னட்டீ முனங்குத? வாயத் தொறந்து சொல்லு."

சொல்ல வரவில்லை. குனிந்து ஒரு வாரு செடியை அள்ளி ஓரத்தில் கொண்டு போட்டேன். திரும்பி வந்து இன்னொரு வாரு. மூன்றாவதை அள்ளும்போது மதினி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இழுத்தாள், நானும் இழுத்தேன். காய் பிளந்து மணிகள் காலில் சிதறின.

"விடுட்டீ! ஒங்கப்பன் வீட்டுத் தரையா?"

அந்த நேரம் வடகிழக்கில் வண்டு பறக்கிற மாதிரி இரைச்சல் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

செடியை விட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். பெட்டியைத் திறந்து சிவப்புத் துணியை எடுக்கும்போது அவர் கட்டிலில் கையூன்றி எழுந்து என்னைப் பார்த்தார். விரித்தால் பிளேன் வட்டமடிக்கும், ஊரே பார்க்கும், ஓவர்சியர் பார்ப்பார், அறை போய்விடும். விரிக்காவிட்டால் சக்கரத்தில் செடி சுற்றி அது கவிழ்ந்தாலும் கவிழும், உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான். யோசிக்க என்ன இருக்கிறது. ஓடிப்போய்க் காணத்தின் மேலேயே துணியைக் குறுக்கும் நெடுக்குமாக விரித்து, காற்று தூக்காமல் நாலு முனையிலும் சரள் அள்ளிப் போட்டேன்.

பிளேன் தாழ வந்தது. துணியைக் கண்டதும் உறுமிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே எழும்பிப் போனது. வயசாளி கவைக்கம்பைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டார். மதினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஏ ஆத்தா, இது பஸ்ஸு மாதிரி இல்லட்டீ!" என்று கத்தினாள்.

அப்போதுதான் எனக்குச் சத்தம் வந்தது. எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது.

"அள்ளுங்க! நிக்காதீங்க, அள்ளுங்க! இது எறங்கலன்னா எங்களுக்கு வேலயும் இல்ல, வீடும் இல்ல. மைனி, நீ அந்தக் கடைசியில இருந்து வா!"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இவளுக்கு இவ்வளவு வாயா!" என்றாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கடைசிக்கு ஓடினாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் மற்றவர்கள் நிற்கவே முடியவில்லை. கவையால் தள்ளினார்கள், சாக்கில் இழுத்தார்கள், கையால் வாரினார்கள். பிளேன் வயலுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது. தரை வெளுத்ததும் நான் வேப்பங்குழை விளக்குமாற்றால் மணிகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, துணியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தேன். பிளேன் மேற்கே போய்த் திரும்பி, காற்றை எதிர்த்து வந்து, புழுதி கிளப்பி இறங்கி நின்றது.

ஓவர்சியர் வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. பிளேன் சுற்றுவதை ரோட்டிலிருந்தே பார்த்திருக்கிறார். ஓரத்தில் குவிந்து கிடந்த காணத்தையும் பார்த்தார்.

மதினி முந்திக்கொண்டாள். "எரும வந்துட்டு சாமி. அதான்."

"எரும வரல" என்றேன். "காணம் கெடந்துது. நான் அந்தக் கடைசியில சுண்ணாம்பு அடிச்சிட்டு நின்னேன். வந்து பாத்ததும் துணியப் போட்டேன்."

"ஒரு சங்கடமும் வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லயா?"

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சொன்னீங்க. வேற ஆளப் போடுததுன்னா போடுங்க. அவனும் நேரத்துக்குத் துணியப் போடுவானான்னு கேட்டுக்கிட்டுப் போடுங்க. நான் போட்டேன். நாளைக்கும் தேவன்னா போடுவேன்."

அவர் பிளேன்காரரிடம் போய் ஏதோ பேசினார். மருந்து கலக்கத் தண்ணீர் லாரி வந்திருந்தது, அதை எங்கே நிறுத்துவது என்று காட்டினார். போகும்போது சைக்கிளை என் பக்கம் நிறுத்தி, "நாளைக்கு விடியுமுன்ன காத்துத் துணி கம்பத்துல ஏறிரணும்" என்றார். அவ்வளவுதான். இருக்கச் சொன்னதா, அன்றைக்கு மட்டும் சொன்னதா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. இருக்கத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன்.

மதினி காணக் குவியலின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தாள். தண்ணீர் லாரி தரையின் ஓரத்து வண்டித்தடத்தில் கிணற்றுக்கும் பொட்டலுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. நான் அந்தத் தடத்தைக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு எழுந்தாள். அந்த வாரம் முழுவதும் லாரி போக வர மிதித்துக் காணம் நன்றாகவே உதிர்ந்தது. தூற்றுவதற்குத்தான் அவர்கள் சுளகை எடுக்க வேண்டியதாயிற்று.

மருந்தடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே ஒருநாள், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் யாருடைய சிபாரிசிலோ அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் கம்போடு பொட்டலிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வேற்று ஆண் என்றால் கதவுக்குப் பின்னால் போகிறவள் நான்.

"ஏம்மா, இங்கன வாட்ச்மேன் வேல காலியா இருக்காமே?"

"காலி இல்ல அண்ணாச்சி" என்றேன். "அந்த ஓரமாத் தள்ளிப் போங்க. பிளேன் எறங்கப் போவுது."