பழியைப் பிறர்மேல் போடாத எங்கள் நைனா

நைனா எங்களைப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை; அருவருப்புதான் வந்தது. நைனா மேல் அல்ல, காரியத்தன்று பந்தலில் என் காதில் விழுந்த பேச்சின் மேல். "பாவம், மில்லுல எவனோ சுவிட்ச போட்டு கைய வாங்கிட்டான். அப்பவே ஆளு பாதி செத்துட்டாரு" என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டினார்கள். அது பொய். அதை முதலில் ஊருக்குள் விட்டவள் அவர் மகளாகிய நான். ஆகவே நடந்ததை நானே எழுதுகிறேன்.

நைனா உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த பெற்றோருக்கு மூன்றாவது மகனாகப் பிறந்தார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. வாலாஜாபாத் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கச் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்தே மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டார். கடும் உழைப்பாளி. குடி இல்லை, பீடி இல்லை. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பெல்ட் நழுவினால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நைனா நிறுத்த மாட்டார். ஓடும்போதே ஒரு தட்டுத் தட்டி மாட்டிவிடுவார். அதில் அவருக்குப் பெருமை வேறு. கூட வேலை பார்த்த ஏகாம்பரம் மாமா எத்தனையோ முறை எச்சரித்தும் கேட்டதில்லை.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஒரு நாள் முற்பகலில் பெல்ட் அவருடைய வலக்கையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஏகாம்பரம் மாமாதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். தன் துண்டால் கையை இறுக்கிக் கட்டி, நெல் இறக்க வந்திருந்த வண்டியில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார். நைனா பிழைத்தார். முழங்கைக்குக் கீழே கையை எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள், நைனாவின் மூத்த அண்ணனான எங்கள் பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை உட்காரவைத்து ஒரு மனு எழுதச் சொன்னார். நைனா மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தார், ஏகாம்பரம் கவனமில்லாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார் என்று எழுத வேண்டும். தப்பு ஆலையின் பக்கம் என்றாகிவிட்டால் முதலாளி என் தம்பிக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் மறுக்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் நாலு பக்கம் எழுதினேன். பெரியப்பா இதைப் படிப்பார் என்று தெரிந்தே சொல்கிறேன்: யோசனை அவருடையது, எழுதிய கை என்னுடையது.

கட்டிலருகே நின்று நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "யாரும்மா எழுதினது?" என்றார்.

"நான்தான் நைனா."

"எழுத்து முத்து முத்தா கீது. படிச்சா சாக்கட நாத்தம் அடிக்குது."

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கையோட புத்தியும் போச்சாடா உனக்கு? எவன் மேலயாவது போட்டாத்தான்டா நம்ம வேல ஆவும்!"

"நிறுத்தாத கைய வுட்டது நானு. அவன் சுவிட்ச அணைக்கலன்னா என்னிய வாரித்தான் எடுத்தாந்திருப்பீங்க. அவன் மேல பழியப் போட்டேன்னு வெச்சிக்கோ, அவனத் திட்டிக்கினே காலம்பூரா படுத்துகினு இருப்பேன். எந்திரிச்சி இன்னா செய்யறதுன்னு யோசிக்கவே மாட்டேன். கிழிச்சிப் போடும்மா அத்த."

கிழித்துப் போட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. இப்படியும் ஒரு முட்டாள் மனிதரா என்று நைனா மேல் கடுப்பு. கல்லூரியில் கேட்டவர்களுக்கும், பஸ்ஸில் கேட்டவர்களுக்கும் அந்த மனுவில் இருந்ததையே வாயால் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அந்த உச்சுக்கொட்டல் எனக்குச் சுகமாக இருந்தது. இன்று நினைத்தாலும் குமட்டுகிறது.

பேச்சு ஆலை வரைக்கும் போனது. சாப்பாட்டு வேளையில் ஏகாம்பரம் மாமா வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். அவர் வேலையை விட்டுவிட்டுத் தென்னேரியில் கூலிக்கு அறுப்பு அறுக்கப் போய்விட்டார். இது நைனா காதுக்கு எட்டியதும் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "செருப்ப மாட்டும்மா" என்றார். கட்டுப் பிரிக்காத கையோடு பஸ் ஏறி, தென்னேரியில் ஏகாம்பரம் மாமாவைத் தேடிப் பிடித்து, மூவருமாக ஆலைக்குப் போனோம். எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்திருந்த நேரம். நைனா நடுவில் நின்று, "ஓடற பெல்ட்டுல நான்தான் கைய வெச்சேன். என்னிய காப்பாத்துனவன் இவன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னது பொய்" என்றேன். குரல் எழும்பவில்லை. "கேக்கல" என்றார் நைனா. மறுபடியும் உரக்கச் சொன்னேன்.

ஏகாம்பரம் மாமா, "வுடுப்பா, பொண்ணு ஏதோ வெவரம் தெரியாத பேசிடுச்சி" என்றார். விவரம் தெரிந்துதான் பேசினேன் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாளே ஏகாம்பரம் மாமா வேலைக்குத் திரும்பினார். நைனா சில மாதம் கழித்து, அதே ஆலையின் நெற்களத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். இடக்கையால் எழுத, சட்டைப் பொத்தான் போட, சைக்கிள் ஓட்டப் பழகினார். அம்மா சோறு ஊட்ட வந்தால் தட்டை நகர்த்திக்கொள்வார். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் இடக்கையால் சாப்பிடுவதைப் பார்த்த நம் உறவினர் ஒருவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு இலைக்கு மாறினார். நைனா பாயசம் வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் மொட்டைக் கையைக் காட்டி, "இது மெஷின் செஞ்சது இல்ல, நான் செஞ்சது" என்பார். அந்தக் களத்து வேலையிலேயே என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்.

சென்ற ஆண்டு பக்கவாதம் தாக்கியது. மருத்துவமனையில் தம்பி டாக்டரிடம் சண்டைக்குப் போனான். வாய் கோணிய நிலையிலும் நைனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மாத்திர... நான்தான்... வுட்டேன்" என்றார். நாங்கள் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். நான்கு நாளில் போய்விட்டார்.

காரியம் முடிவதற்குள் உறவுக்குள் சண்டை. டாக்டர் சரியில்லை, மருமகள் கவனிக்கவில்லை, கிரகம் சரியில்லை. தின்ற இலை காய்வதற்குள் இந்தப் பேச்சு. இரத்த அழுத்த மாத்திரையை நைனா பல மாதமாகப் போடவில்லை. ஞாயிறுதோறும் போன் செய்து "சாப்டியா நைனா?" என்று கேட்ட நான், மாத்திரை போட்டாயா என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. யார் காரணம் என்று இன்னும் தேடுகிறவர்கள் என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.

நான்கு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த ஏகாம்பரம் மாமாவுக்கும், தோள் கொடுத்த ஆலைத் தொழிலாளர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், பொறுப்பாக நின்று எல்லாம் செய்த நைனாவின் மைத்துனர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இக்கட்டுரையில் பிழை இருந்தால் அது என்னுடையது. அச்சகத்தார் மேல் யாரும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
மகள்