கம்பளியின் மூன்றாவது மடிப்பு

சுதர்ஷினி கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். வாங்குப் பலகையில் கால் நீட்டிப் படுத்திருந்த கணவன் சுமனுக்கு முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. பொகவந்தலாவைப் பாதையில் நின்றுபோன ஆட்டோவைத் தள்ளும்போது ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து எலும்பை முறித்துக்கொண்டான். வீக்கம் வடிய வேண்டுமானால் கால் உயர்ந்திருக்க வேண்டும். குதிகால் எதிலும் அழுந்தக் கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில்தான் அண்டை கொடுக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும், கையும் சரியாகவே செய்தது. மனம்தான் பள்ளிக்கூடத்தில் கிடந்தது.

அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாகத் திரும்பி வந்தவள். இத்தனை காலம் மூன்றாம் வகுப்பு. கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனதும், கேட்டுக் கேட்டு ஏழாம் வகுப்புக் கணிதத்தை வாங்கினாள். இன்று சுட்டிகள் பாடம். பலகையில் 2³ என்று எழுதி, "ரெண்டை மூணு தடவை எழுதிப் பெருக்கணும். எவ்வளவு?" என்று கேட்டாள்.

சர்மிளா எழுந்தாள். "ஆறு, டீச்சர்."

"எட்டுல்ல வரணும்? ஆறு எப்படி?"

"எங்கம்மா காலையில, பகல்ல, அந்திக்கின்னு மூணு தடவ கொழுந்து நிறுப்பாங்க. ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக் கழிவுன்னு ரெண்டு கிலோ வெட்டுறாங்க. மூணுக்கும் சேத்து ஆறு. எட்டுன்னு வெட்டுனா எங்கம்மா சும்மா விட்டுருவாங்களா?"

வகுப்பே சிரித்தது; சர்மிளா பலகையின் மூலையில் 2³ = 6 என்று எழுத, எல்லோரும் ஆறு என்றே எழுதினார்கள். வீட்டில் தினமும் கேட்கும் கணக்கைப் பலகையில் எழுதிய விதி அசைக்கவில்லை.

வாசலில் நின்று பார்த்த பள்ளிக்கூட அதிபர் பொன்னையா பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: "நாளைக்கு நானும் வந்து உக்காருறேன்மா. புள்ளைகளுக்குப் புடிபடலன்னா பாடத்த மத்த வாத்தியார் நூர்தீன் சேருக்குக் குடுத்துருவோம். நீங்க மூணாம் வகுப்புக்கே போயிருங்க."

"பத்தல சுதா, இன்னும் ஒரு மடிப்புப் போடு" என்று வாங்கிலிருந்து சுமன் சொன்னதும் நினைவு வீட்டுக்குத் திரும்பியது.

இரண்டு தடவை மடித்திருந்த கம்பளியை மறுபடி மடித்துக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்தாள்.

"ஏய், கொஞ்சம் ஏத்தச் சொன்னா கால கூரையில கட்டுறியே! ஒரு மடிப்புத்தான கேட்டேன்?"

"ஒரு மடிப்புத்தாங்க போட்டேன்."

"ஒரு மடிப்புக்கு இம்புட்டு ஒசரமா?"

அவள் சட்டென்று நின்றாள். காலைத் தலையணையில் வைத்துவிட்டு, கம்பளியின் ஓரத்தை எண்ணினாள். எட்டு அடுக்கு. பிரித்து முதலிலிருந்து மடித்தாள். இரண்டு, நான்கு, எட்டு.

"என்னா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"இந்தக் கம்பளி நாளைக்கு எனக்கு வேணுங்க."

"அப்ப என் காலு?"

"அரிசிச் சாக்க மடிச்சு வைக்கிறேன்."

"வையி. சாக்குக் கழிவுன்னு என் கால்ல ரெண்டு கிலோ வெட்டிராத."

மறுநாள் காலை அதிபர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். சுதர்ஷினி கம்பளியை மேசையில் விரித்து, சர்மிளாவையும் லோஜனையும் கூப்பிட்டாள். ஒரு தடவை மடித்தார்கள்: இரண்டு அடுக்கு. மறுபடி: நான்கு.

"இன்னொரு தடவ மடிச்சா?"

"ஆறு" என்றாள் சர்மிளா, கொஞ்சமும் யோசிக்காமல்.

மடித்தார்கள். சர்மிளா ஓரத்தை விரலால் எண்ணினாள். நம்பாமல் திரும்ப எண்ணினாள். "எட்டு வருது டீச்சர்."

"நிறுவை முடிஞ்சா உங்கம்மா கொழுந்து பறிக்க எதோட திரும்ப மலைக்குப் போவாங்க?"

"கொழுந்தக் கொட்டிட்டு வெறுஞ்சாக்கோட." சொல்லிவிட்டுக் கம்பளியைப் பார்த்தாள். "இங்க யாரும் எதையும் கொட்டலியே. முன்னுக்கு மடிச்சதும் உள்ளயே இருக்கு. அதையும் சேத்துத்தான் மடிச்சிருக்கோம்."

"அப்ப நாலாவது மடிப்புக்கு?"

மடிப்பதற்கு முன்பே வகுப்பு கத்தியது: "பதினாறு!"

அதிபர் எழுந்து வந்து பலகையில் 3² என்று எழுதினார். "இது?"

லோஜன் கம்பளியை உதறி விரித்து மூன்றாக மடித்தான்; அதைத் திருப்பி மறுபடி மூன்றாக மடித்தான். "ஒம்போது சேர்."

அதிபர் சோக்குக் கட்டியை வைத்துவிட்டுக் கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டார். "ஏழாம் வகுப்ப நீங்களே வச்சுக்கங்கம்மா. கம்பளிய மட்டும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்க, அந்த மனுசன் குளிர்ல கெடப்பாரு."

சுதர்ஷினி சோக்கை எடுத்துச் சர்மிளாவிடம் கொடுத்தாள். நேற்று எழுதிய 2³ = 6 பலகையின் மூலையில் அப்படியே இருந்தது. சர்மிளா ஆறை அழிக்கவில்லை. 2³ஐ மட்டும் அழித்து, அங்கே 2 × 3 என்று எழுதினாள். கீழே 2³ = 8 என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.