அடைக்குப் பயந்த தவசிப்பிள்ளை

கல்யாண வீட்டில் தாலி கட்டுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்காத ஒரே ஆள் சமையல்காரன்தான். எங்கள் நாஞ்சில் நாட்டில் அவனுக்குத் தவசிப்பிள்ளை என்று பெயர். ஊர் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த காலத்தில் நானும் அந்தப் பிழைப்புதான் பிழைத்தேன். எனக்கு ஒரு வினோதப் பயம். அடைப்பிரதமன் பாயசத்துக்கு அரிசிமாவை வாழையிலையில் தடவி வேகவைத்து உரிப்போமே, அந்த அடையின் வழுவழுப்பு விரலில் பட்டால் போதும், உடம்பெல்லாம் கூசிப்போகும். வெண்டைக்காய், பாலாடை என்று உங்களுக்கும் ஏதாவது இருக்கும், சிரிக்காமல் கேளுங்கள்.

நேர்ச்சை

வெளியே தெரிந்தால் எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? வடசேரிக் கல்யாணத்தில் அடை உரிக்கிற வேலையைக் கூட்டாளி கோலப்பனிடம் தள்ளிவிட்டு, "எனக்குச் சாமி நேர்ச்சை இருக்கு, தொடமாட்டேன்" என்று புளுகினேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மொட்டை போட நேர்ந்தவனைப் பாத்திருக்கேன். அடையைத் தொடாம இருக்க நேர்ந்தவனை இன்னைக்குத்தான் பாக்கேன் ஓய்!"

கரண்டிப் பதம்

இராஜாக்கமங்கலத்துக் கல்யாணத்தன்று கோலப்பனுக்குக் காய்ச்சல். அடை உரிக்க எடுபிடிப் பையன் ஒருவன் கிடைத்தான், பதம் பார்ப்பது என் தலையில் விழுந்தது. உரித்த அடையை நறுக்கி மறுபடி வேகவிட்டு, வெல்லப்பாகு விடும் முன் விரலால் நசுக்கிப் பதம் பார்க்கவேண்டும். பாகு விழுந்துவிட்டால் அதற்குமேல் அடை வேகாது. நான் கரண்டியால் அமுக்கிப் பார்த்து, போதும் என்று பாகை விட்டுவிட்டேன்.

பந்தியில் எல்லாரும் மாடு அசைபோடுவதுபோல் மென்றார்கள். பெண்ணின் அப்பா தலைகுனிந்து நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்வரிசையில் பொக்கைவாய்க் கிழவர் ஒருவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ருசி நல்லாத்தான் இருக்கு மக்கா. கடிச்சுத்தர ஆளு வேணும்னு சொல்லியிருந்தா பேரனைக் கூட்டிட்டு வந்திருப்பேனே!"

உள்ளங்கையில் அடை

தொழிலை விடமாட்டேன், பயம்தான் வழிக்கு வரவேண்டும் என்று அன்றே முடிவு கட்டினேன். தினமும் காலையில் என் பெண்டாட்டி ஓர் அடையை உரித்து என் உள்ளங்கையில் வைப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு நூறுவரை எண்ணவேண்டும். முதல் வாரம் பத்தைத் தாண்டவில்லை. அவள் பெருமூச்சு விட்டாள். "என் கையைப் பிடிக்கும்போ இப்படிப் பயந்திருந்தா நானாவது தப்பிச்சிருப்பேன்!"

இரண்டாவது மகள்

நான் ஒருவழியாக நூறுவரை எண்ணப் பழகிய சமயம், இராஜாக்கமங்கலத்தில் அதே வீட்டில் இளையவளுக்குக் கல்யாணம். நானே போய் வேலை கேட்டு நின்றேன். "இன்னொரு தடவை என் தலை குனியப்படாது" என்று மட்டும் சொல்லிப் பெண்ணின் அப்பா அச்சாரமாக வெற்றிலை கொடுத்தார்.

வெண்கல உருளியில் அடை வெந்துகொண்டிருந்தது. "பாகை விடட்டா?" என்று பறந்தான் கோலப்பன். "பொறுடே" என்று ஒரு துண்டை எடுத்து நசுக்கினேன். உடம்பு கூசியது, அடை நசுங்கவில்லை. இரண்டாம் தடவையும் நசுங்கவில்லை. மூன்றாம் தடவை வெண்ணெயாய் இழைந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பாகை நானே விட்டேன்.

பந்தியில் அதே கிழவர், பக்கத்தில் பேரன். இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவனைக் கூட்டிட்டு வந்தது வீணாப் போச்சே மக்கா!"

பயம் இன்றைக்கும் என்னைவிட்டுப் போகவில்லை. அடை வேகும்வரை அதுவும் என்னோடு அடுப்படியில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.