கடலிலிருந்து தெரியும் பூ

ஷெர்லிக்கும் கடலுக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. அவள் பிறந்தது கருங்கல் பக்கம். வாழையும் மரச்சீனிக் கிழங்கும் யாரையும் கேட்காமல் வளர்கிற மண். அங்கிருந்து முட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஒரு பிச்சிக் கொடியையும் வேரோடு ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். அதைக் கடற்காற்று ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை, கருக்கிப் போட்டுவிட்டது. புதுப்பெண் ஒரு கொடிக்காக உட்கார்ந்து அழுகிறாளே என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மீன் உலர்த்துகிற மணலில் பூ வளர்க்க நினைப்பவளை வேறென்ன செய்வார்கள்?

அவள் விடவில்லை. பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை செம்மண் கொண்டுவந்தாள். பேருந்து நடத்துனர்கள் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மணலைத் தோண்டித் தேங்காய் உரித்த தொண்டுகளைப் புதைத்தாள், அந்த நார் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் குடலைப் பலமுறை கழுவி உப்புப் போக்கி உரமாகப் போட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, விடியும்போது ஒரு குடம் நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு செடியாக இலையைக் கழுவுவாள். இரவெல்லாம் காற்று கொண்டுவந்து அப்பிய உப்பை விரலால் தடவி எடுப்பாள். அரைத் தூக்கத்தில் செய்கிற வேலை அது. வானம் வெளுக்கும், அலைச் சத்தம் எங்கோ கனவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், கையில் மட்டும் இலையின் குளிர்ச்சி இருக்கும். அந்த நேரத்தில் தான் கருங்கல்லில் இருக்கிறோமா முட்டத்தில் இருக்கிறோமா என்பதே அவளுக்கு மறந்துபோகும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் செம்பருத்தி பூத்தது, அரளி பூத்தது, கேந்தி பூத்தது. மகள் அபினா கைக்குழந்தையாக இருந்தபோது நட்ட ஒரு மூடு காகிதப்பூ சுவரில் ஏறி, மொட்டைமாடியில் ஏறி, மேட்டிலிருந்த அந்தச் சின்ன வீட்டையே சிவப்பாகப் போர்த்திக்கொண்டது. அபினா நர்ஸ் ஆகி துபாய்க்குப் போனபோது செடி அவளைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

கடலை ஜெயித்துவிட்டாள் என்று ஊரே சொன்னது. சொல்லாத ஒரே ஆள் அவள் புருஷன் யூஜின். தனி ஆளாக ஃபைபர் வள்ளத்தில் போய்த் தூண்டில் போடுகிறவன். முட்டத்தில் யாருக்கும் கிடைக்காத கலவா மீன் அவனுக்கு மட்டும் கிடைக்கும் என்று பெயர். நல்லவன், குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவன் அந்தப் பூக்களை நின்று பார்த்ததில்லை. விடியலில் அவள் குடத்தோடு நிற்கும்போது தோளில் மண்ணெண்ணெய்க் கேனோடு கடந்து போவான். தலை திரும்பாது. திரும்பி வரும்போதும் அப்படித்தான். ஊரில் எத்தனை பேர் பாராட்டினால் என்ன? அந்த ஒரு மனிதன் ஒரு தடவை நின்று பார்த்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. கேட்டு வாங்குகிற காரியமா அது? அதனால் கேட்கவில்லை.

ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காகிதப்பூ அந்த வருடம் பூத்ததுபோல் என்றைக்கும் பூத்ததில்லை. இலையே தெரியவில்லை. பூசை முடிந்து வந்தவர்கள் வீட்டு முன்னால் நின்று செல்ஃபோனில் படம் எடுத்தார்கள். யூஜினோடு ஒத்த தொழில்காரன் ஜெபதாஸும் நின்றான். அவன் பூவையும் பார்த்தான், யூஜினையும் பார்த்தான். இந்தச் சிவப்பு கடலில் எவ்வளவு தூரம் போனாலும் கண்ணில் படுகிறதே மச்சான் என்று சிரித்தான்.

யூஜினின் முகம் சுருங்கியது. "அந்தச் சவத்த ஆரு பாக்கா? காடு கணக்கா கெடக்கு. வெட்டித் தூரக் களையணும்" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.

வந்தவர்களுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வந்த ஷெர்லிக்கும் கேட்டது. காப்பியைக் கொடுத்தாள், தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள், ராத்திரிக் கஞ்சிக்குத் துவையல் அரைத்தாள். நெஞ்சு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை. சவம் என்றா சொல்வது?

மறுநாள் விடியலில் அவள் குடத்தை எடுக்கவில்லை. வள்ளம் போகிற சத்தம் அடங்கியதும் வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். மேலிருந்து வெட்டத் தொடங்கினாள். முள் கையைக் கிழித்தது. ஒவ்வொரு கிளையாக முற்றத்தில் விழுந்தது. பூவிதழ்கள் காற்றில் பறந்து தெருவெல்லாம் போயின. வெயில் ஏறியபோது சுவர் அதன் பழைய சுண்ணாம்பு நிறத்தில் வெட்கமில்லாமல் நின்றது. செடியின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை மிச்சம். அதையும் வெட்ட ஓங்கியவளுக்குக் கை இறங்கவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் யூஜின் மேட்டில் ஓடி வருவதைப் பார்த்தாள். மத்தியானத்துக்கு வருகிற ஆள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, காலில் செருப்பில்லாமல் சுடுமணலில் ஓடி வந்தான். முற்றத்துக்கு வந்து அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். பிறகு கிளைக் குவியலைப் பார்த்தான். அப்படியே அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தான்.

"கோயிலு தெரியுது, லைட் அவுஸு தெரியுது, நம்ம வீடு மட்டும் கொஞ்சங் கொஞ்சமா அழிஞ்சு போவுது. உனக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சேன் ஏட்டி."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவன்தான் மெல்ல மெல்லச் சொன்னான். கடலுக்கடியில் ஒரு பாறை இருக்கிறது. கலவா அடைகிற பாறை. நடுக்கடலில் அதைக் கண்டுபிடிக்கக் கரையிலுள்ள அடையாளங்களை ஒன்றுக்கொன்று நேர் பார்க்க வேண்டும். லைட் ஹவுஸுக்கு நேர் கீழே இந்த வீட்டுச் சிவப்பு வர வேண்டும், மேற்கே கோயில் கோபுரம் பனைமரக் கூட்டத்தை விட்டு விலக வேண்டும். அப்போது தூண்டிலை இறக்கினால் கீழே பாறை. கணியம் என்று அதற்குப் பெயர். தன் கணியத்தைக் கடற்காரன் எவனுக்கும் சொல்லமாட்டான், கட்டியவளுக்கும் சொல்லமாட்டான். பெண்கள் கிணற்றடியில் பேசினால் மறுநாள் அந்தப் பாறைமேல் ஊர் வள்ளமெல்லாம் நிற்கும். அபினா அனுப்பிய ஜிபிஎஸ் கருவியில்கூட அவன் அந்த இடத்தைக் குறித்து வைக்கவில்லை. நாலு பேர் கை படுகிற சாமான் அது. ஜெபதாஸ் நேற்று அந்தச் சிவப்பைப் பற்றிப் பேசியதும், கணியம் அவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று யூஜின் பதறிப்போய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான்.

"வெட்டணும்னு நீங்கதானே சொன்னிய" என்றாள் ஷெர்லி. அழுகை வந்துவிட்டது.

"நீ வெட்டுவன்னு நான் கண்டனா? நெதமும் பத்து நாழி அதையத்தான் பாத்துட்டு நிக்கேன். கரையில வந்தும் பாத்தா எவனாவது கண்டுபிடிச்சிருவான்லா?"

இத்தனை வருடமாக அவன் தலை திரும்பாததற்கு இதுவா காரணம்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனிதனை என்ன செய்வது? கிழிந்த கையை அவன் கடல்தண்ணீர் நாறும் கையால் பிடித்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தான். அவள் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் இதழ்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே கனவில் நடப்பதுபோல் இருந்தது.

மறுநாள் மொட்டைமாடித் துணிக்கொடியில் ஷெர்லியின் சிவப்புச் சேலை ஒன்று காய்ந்தது. அதற்கடுத்த நாளும் காய்ந்தது. அந்தச் சேலை காய்ந்து முடிவதாகவே இல்லை. கடற்காற்றில் துணி எங்கே காயும் என்று பக்கத்து வீட்டு செல்லபாயிடம் கூசாமல் சொன்னாள். ஜெபதாஸ் ஒருநாள் அந்தப் பக்கம் வந்து, பூ என்னாச்சு என்று கேட்டான். புருஷனுக்குப் பிடிக்கவில்லை, வெட்டியாச்சு என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். கணியம் தெரிந்தவர்களுக்குப் பொய் தானாக வந்துவிடுகிறது.

ஆனி ஆடி மழையில் கட்டை துளிர்த்தது. உப்புக் காற்று அடித்த நாட்களில் அவள் அந்தத் தளிர்களை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை கழுவினாள். கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுகிற சமயம் முதல் சிவப்பு வந்தது. அடுத்த ஈஸ்டருக்குள் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

யூஜின் இன்றும் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல்தான் பூக்களைக் கடந்து போகிறான். அவளும் கூப்பிடுவதில்லை. முன்பெல்லாம் எழுந்த கோலத்தில், பழைய நைட்டியோடு குடத்தைத் தூக்குகிறவள், இப்போது தலை சீவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் மொட்டைமாடிக்கு ஏறி இலை கழுவுகிறாள். கடலில் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் வீடே ஒரு பொட்டு சிவப்பாகத்தான் தெரியும், அதில் அவள் தெரியமாட்டாள். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறானே.